விற்றார்கள் என்று எப்படி எழுதினீர்கள்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் நாம் வாழும் நகரத்தின் வரலாறு பற்றிய கட்டுரையில், "10 ஷில்லிங்குக்குச் செவ்விந்தியர் ரொறன்ரோவை விற்றுவிட்டனர்" என்று ஒரு வரி இருந்தது. வாசித்து மூன்று நாளாகிவிட்டது, மனம் இன்னும் ஆறவில்லை. நீங்கள் விஷயம் தெரிந்தவர். 1787ஆம் ஆண்டுக் காணி உறுதியின் கதை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும் இதை அச்சுக்கு விட்டீர்களே என்பதுதான் வருத்தம்.

என் ஐயா யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் லிகிதராக இருந்தவர். எல்லை எழுதாத உறுதியில் ஒருவரிடம் ஒப்பம் வாங்குவது களவு என்பார். ரொறன்ரோ உறுதி அப்படிப்பட்டதுதான். 1787 செப்டம்பரில் குவின்ரே குடாக்கரையில், இந்த நிலத்தின் பூர்வகுடிகளான மிசிசாகா மக்களோடு பிரித்தானிய அதிகாரிகள் கூட்டம் நடத்தினார்கள். பிறகு அந்த உறுதியை எடுத்துப் பார்த்தால் அதில் காணியின் விபரமே இல்லை. அவர்களின் மூன்று தலைவர்கள் ஒப்பமாக இட்ட குலக்குறிகள் வேறு துண்டுக் கடதாசிகளில் இருந்தன, அவற்றை அதோடு இணைத்திருந்தார்கள். 1794இல் ஆளுநர் டோர்செஸ்ரர் பிரபுவே இது செல்லாது என்று எழுதினார். சரி, அதை அந்த மக்களிடம் போய்ச் சொன்னார்களா? இல்லை. பழையதை உறுதிப்படுத்துகிறோம் என்று 1805இல் இன்னொன்று முடித்தார்கள். உங்கள் 10 ஷில்லிங் அதில்தான் வருகிறது, ஏறத்தாழ 250,000 ஏக்கருக்கு. முதல் கடதாசியில் குறியிட்டவர்களில் ஒருவரான வபாகினின் அப்போது உயிரோடு இல்லை. 1796இல் ஒரு படைவீரனின் கையால் இறந்துபோனார். 2010இல் கனடிய அரசு இந்தக் காணிக்காக 145 மில்லியன் டொலர் கொடுத்து இணக்கத்துக்கு வந்தது. ஒழுங்காக வாங்கிய காணிக்கு 205 வருடம் கழித்து யார் காசு கொடுப்பார்கள்?

நான் படித்த சரித்திர ஆசிரியன் இல்லை. ஓய்வுபெற்ற பிறகு ஐந்து குளிர்காலங்களை யோர்க் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ஒன்ராறியோ ஆவணக் காப்பகத்திலும், ஒட்டாவாக் காப்பகத்தின் 'ஆர்ஜி 10' என்ற பூர்வகுடி விவகார ஆவணத் தொகுதியின் மைக்ரோபிலிம் சுருள்களிலும் கழித்தவன். 200 வருடக் கையெழுத்தில் ஒரு பக்கம் வாசிக்கவே அரைநாள் போய்விடும். ஒருநாள் பக்கத்து மேசையில் முதற்குடி என்று இங்கே சொல்லும் பூர்வகுடிச் சமூகமொன்றைச் சேர்ந்த ஓர் அம்மா, உபகாரப் பணம் பெற்றவர்களின் பட்டியலில் தன் பாட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். எழுதியவர் பெயரைக் கேட்டபடிக்கு எழுதிவைத்ததால் அகப்படவில்லை. நானும் சேர்ந்து தேடி, மாலையில் வேறு எழுத்துக்கூட்டலில் கண்டுபிடித்தோம். திரையில் அந்தப் பெயர்மேல் விரலை வைத்தபடி கனநேரம் இருந்தார். உங்கள் வரியை வாசித்தபோது அவருடைய முகம்தான் எனக்கு வந்தது.

உங்கள் அலுவலகமும் என் வீடும் இருக்கும் ஸ்காபரோ அந்த 10 ஷில்லிங் காணிக்குள் வருவதே இல்லை. ஒன்ராறியோ வாவியின் இந்தக் கரைக்கு 1788இல் பிரித்தானியர் பேசிய பேச்சு, வாவிக்கரையில் துவக்கு வெடித்தால் சத்தம் கேட்கும் தூரம்வரை என்பது. அதற்கும் எல்லை எழுதிய பத்திரம் இல்லை. 1923இல் வில்லியம்ஸ் ஒப்பந்தங்களில் ஏழு முதற்குடிகளிடம் ஒப்பம் வாங்கி, ஆளுக்கு 25 டொலர் கொடுத்தார்கள். அதோடு தங்கள் பழைய நிலத்தில் வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் இருந்த உரிமையும் போயிற்று. அரசு மன்னிப்புக் கேட்டது 2018இல்.

ஏன் அவர்கள் அப்போதே வழக்குப் போடவில்லை என்று உங்கள் பத்தியாளர் மூன்று வருடத்துக்கு முன் எழுதியிருந்தார். 1927 முதல் 1951 வரை, அனுமதி இல்லாமல் காணி உரிமை கேட்பதற்கு அவர்களுக்காகப் பணம் சேர்ப்பதே குற்றமாக இருந்தது. இதை விளக்கி உங்களுக்குக் கடிதம் எழுதினேன், நீங்கள் போடவில்லை. இடமில்லையாக்கும் என்று பேசாமல் இருந்தேன்.

'பத்திரத்தில் இருப்பதுதானே சாட்சி' என்றும் அவரே எழுதினார். 1905இல் ஒன்ராறியோவின் வடக்கே, அங்குள்ள முதற்குடிகளோடு நிலத்துக்காகச் செய்த 9ஆம் ஒப்பந்தத்துக்குப் போன அரச ஆணையாளர்களில் ஒருவர் மக்மார்ட்டின். அவருடைய நாட்குறிப்பு கிங்ஸ்ரனில் குயின்ஸ் பல்கலைக்கழகக் காப்பகத்தில் இருக்கிறது. முன்போலவே வேட்டையாடலாம், மீன்பிடிக்கலாம் என்று வாயால் கொடுத்த வாக்கை அவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். ஒப்பந்த வாசகமோ அந்த உரிமைக்குக் கட்டுப்பாடு போடுகிறது. அங்குள்ள முதியவர்கள் தலைமுறையாகச் சொல்லிவந்தது எதுவோ அதைத்தான் அந்த நாட்குறிப்பும் சொல்கிறது.

1990இல் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அம்மா நகைகளை மறந்தார், உறுதிப் பெட்டியை மறக்கவில்லை. அந்த உறுதி இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. அந்தக் காணியை நாங்கள் விற்றுவிட்டு வந்ததாக நாளைக்கு ஒரு பத்திரிகை எழுதினால், முதல் ஆளாகக் கொதிப்பவர் நீங்களாக இருப்பீர்கள். அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

அடுத்த இதழில், கட்டுரை வந்த அதே பக்கத்தில், 'விற்றுவிட்டனர்' என்ற சொல்லுக்கு மூன்று வரித் திருத்தம் போடுங்கள். செவ்விந்தியர் என்பதை விட்டு, மிசிசாகா என்று அவர்களுடைய பெயரையே எழுதுங்கள். இந்தக் கடிதத்துக்கு இடமில்லை என்றாலும் பரவாயில்லை, திருத்தம் மட்டும் வரட்டும்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து, முதல் இதழ் தொட்டு உங்களை வாசிப்பவன்