பதினோரு ஆண்டு உழைப்பு எந்தக் கணக்கில் சேரும்?

சென்னை மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு, வணக்கம்.

பழைய மகாபலிபுரம் சாலையில் உள்ள ஒரு நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். இங்கே எனக்குக் கிடைத்த சலுகைகளை நான் என்றும் குறைத்துப் பேசியதில்லை. இரவு வேலை முடிந்தால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடும் கேப், என் பெற்றோரையும் சேர்த்துக்கொண்ட மருத்துவக் காப்பீடு, மகள் பிறந்தபோது முழுச் சம்பளத்துடன் 26 வார விடுப்பு, அதன்பின் அவளை நம்பி விட்டுவர அலுவலகத்திலேயே ஒரு குழந்தைகள் காப்பகம் என்று எல்லாவற்றையும் அனுபவித்தவள் நான். அதே கட்டடத்தில் வேலை பார்த்த இன்னொருவருக்கு இவற்றில் எதுவுமே இல்லாமல் போனதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கள் தளத்தின் ஹவுஸ்கீப்பிங் வேலையைப் பார்த்துவந்த அக்கா ஒருவர், மூட்டு வலி தாங்க முடியாமல் சென்ற ஆண்டு நின்றுவிட்டார். கண்ணகி நகரிலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி வருவார். எங்கள் இருக்கைகளில் விளக்கு எரிவதற்குள் தரை துடைத்து, கழிவறை கழுவி முடித்திருப்பார். பதினோரு ஆண்டுகளும் அதே தளம், அதே வேலைதான். ஆனால் அவருடைய சீருடை முதலில் நீலமாகவும், பிறகு மெரூனாகவும், கடைசியில் சாம்பல் நிறமாகவும் மாறியது. ஒவ்வொரு நிறமும் ஒரு வெண்டர், அதாவது ஆள் அனுப்பும் ஒப்பந்த நிறுவனம். முதல் இருவரிடம் நான்கு நான்கு ஆண்டுகள், மூன்றாமவரிடம் மூன்று ஆண்டுகள்.

வேலையை விட்டு விலகும்போது முதலாளி தரும் மொத்தத் தொகையான பணிக்கொடை (கிராஜுவிட்டி) பெற ஒரே முதலாளியிடம் தொடர்ந்து ஐந்து ஆண்டுப் பணி வேண்டும் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பொது விதி. ஆகவே, பதினோரு ஆண்டு உழைத்தவர் அந்த விதிப்படி எவரிடமும் ஐந்து ஆண்டு உழைக்காதவராகிவிட்டார். அவர் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், ஓர் ஆண்டுக்கு 7,500 ரூபாய். பதினோரு ஆண்டுகளுக்கு 82,500 ரூபாய். வெறுங்கையோடு வீட்டுக்குப் போன அந்த அக்காவுக்கு அது முழங்கால் சிகிச்சைக் காலத்து வீட்டுச் செலவாகவோ, மகளின் கல்லூரிக் கட்டணமாகவோ ஆகியிருக்கும்.

“அவர்கள் எங்கள் ஊழியர்கள் அல்லர், வெண்டரைக் கேளுங்கள்” என்பதுதான் நீங்கள் வழக்கமாகத் தரும் பதில். வெண்டர் தரும் விலைப்புள்ளியை நான் பார்த்திருக்கிறேன். தலைக்கு இவ்வளவு என்று சம்பளம், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு), போனஸ், சர்வீஸ் சார்ஜ் ஆகியவை வரிசையாக இருக்கும். அவற்றுக்கிடையே பணிக்கொடைக்கு 4.81 சதவீதம் என்று ஒரு வரியும் இருக்கும். பேரம் பேசும்போது முதலில் அடிபடுவது பெரும்பாலும் அந்த வரிதான். அடிபடாமல் நீங்கள் மாதந்தோறும் கொடுத்தாலும், ஐந்து ஆண்டுக்குள் ஒப்பந்தம் கைமாறிவிட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் தொழிலாளிக்குப் போய்ச் சேருவதில்லை, வெண்டரிடமே தங்கிவிடுகிறது. 13,000 ரூபாய்க்கு 4.81 சதவீதம் என்பது மாதம் சுமார் 625 ரூபாய்.

பி.எஃப். கதை இதைவிட வேதனையானது. ஒரு மதிய உணவு இடைவேளையில் என் கைபேசியிலேயே அவருடைய கணக்கைத் திறந்து பார்த்தோம். ஆளுக்கு ஒரே எண்தான் இருக்க வேண்டும் என்பதற்காக வந்த யு.ஏ.என். அவருக்கு இரண்டு இருந்தது. ஒன்றில் கணவர் பெயர் அவருடைய பெயரோடு ஒட்டிக்கிடந்தது. இன்னொன்றில் பிறந்த ஆண்டு ஆதாரோடு ஒத்துப்போகவில்லை. திருத்தம் செய்ய முதலாளியின் கையொப்பம் கேட்டார்கள். முதல் வெண்டரின் அலுவலகம் இருந்த முகவரிக்குப் போனால் அங்கே ஒரு கண்ணாடிக் கடை இருந்தது. தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் 12 சதவீதம் பிடித்துக் கட்டப்பட்ட பணத்துக்கே அவர் அலைந்துகொண்டிருக்கிறார்.

நன்மை எதுவுமே அவரை எட்டவில்லை என்றும் சொல்ல மாட்டேன். மாதம் 21,000 ரூபாய்வரை சம்பளம் வாங்குவோருக்கான ஈ.எஸ்.ஐ. அவருக்கு இருந்தது, கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அவருக்கு நடந்த ஓர் அறுவை சிகிச்சைக்குக் கையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. வேலைக்கு வந்துபோக, அரசின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணமும் இருந்தது. இரண்டுமே நம் நிறுவனங்கள் மனமுவந்து கொடுத்தவை அல்ல என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

வெண்டர் சம்பளம் தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவர், அதாவது வேலை வாங்கும் நிறுவனம், தர வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமே சொன்னது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களிலும் அந்தப் பொறுப்பு தொடர்கிறது. குறிப்பிட்ட காலத்துக்கு நேரடியாக நியமிக்கப்படுவோருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்றும் அவை மாற்றியிருக்கின்றன. வெண்டர் மாறினாலும் இடம் மாறாமல் உழைப்பவருக்கு அந்த மாற்றம் தானாக உதவாது. அந்த இடைவெளியை அடைக்கும் பேனா உங்கள் கையில் இருக்கிறது.

வெண்டர்களிடம் விலை கேட்கும் டெண்டர் குறிப்பில் 4.81 சதவீத வரியைப் பேரத்துக்கு அப்பாற்பட்டதாக வையுங்கள். அந்தத் தொகையை வெண்டரிடம் கொடுக்காமல் ஒரு தனி நிதியில் தொழிலாளி பெயரில் சேர்த்து வாருங்கள். எந்தச் சீருடையில் விடைபெற்றாலும் அது அவருக்குக் கிடைக்கட்டும். புதிய வெண்டர் பொறுப்பேற்கும் நாளிலேயே ஒவ்வொருவரின் பழைய யு.ஏ.என். எண்ணும் ஆதார் விவரமும் ஒத்துப்போகின்றனவா என்று உங்கள் துறையினரே சரிபார்க்கட்டும். ஒருவருக்குப் பத்து நிமிட வேலை அது. என் மகள் வளர்ந்த காப்பகத்தின் கதவை அவர்களுடைய குழந்தைகளுக்கும் திறந்துவிடுங்கள்.

பல நிறுவனங்களில் ஏப்ரலில் புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும். அதற்கு முன்பே, உங்கள் கட்டடத்தில் ஐந்து ஆண்டுக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யும் ஒப்பந்தப் பணியாளர்கள் எத்தனை பேர் என்ற பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். வெண்டரிடம் அந்தப் பட்டியல் இருக்காது. உங்கள் வாயிற்காவல் பதிவேட்டில் இருக்கும்.

இப்படிக்கு,
உங்களில் ஒரு நிறுவனத்தின் ஊழியர்