எந்த நேரமென்றாலும் எடு

வட்டக்கச்சி,
கிளிநொச்சி.

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை நீ தொலைபேசியில் "கஞ்சாவை விட்டிருந்த 23 நாளும் வீண் அப்பா" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். எனக்கு உடனே வாயில் ஒன்றும் வரவில்லை. எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும்.

பிறந்தநாள் வீட்டில் ஒன்றை வாங்கி இழுத்திருக்கிறாய். மறுநாள் இழுக்கவில்லை. மறைக்கவும் இல்லை. வரம்பில் நண்டு வளை போட்டுத் தண்ணீர் ஓடினால் விடிவதற்குள் போய்ச் சேற்றை வைத்து மிதிப்போம். அதற்காக வரம்பு முழுவதையும் வெட்டிவிடுகிறவன் உண்டா? அப்பாவுக்கு எதை எடுத்தாலும் வயல்தான் என்று தங்கச்சி சிரிக்கிறாள். சிரிக்கட்டும். நீ எரிந்து விழுந்ததை அவள் மறந்துவிட்டாள்.

அந்தக் கோபமும் உன்னுடையது மட்டும் அல்லவாம். இங்கே மனநல வைத்தியர் ஒருவரைப் போய்க் கண்டேன். உன் பெயரைச் சொல்லவில்லை. நெடுநாள் நிறையப் புகைத்தவர் நிறுத்தினால் ஒன்றிரண்டு நாளிலேயே எரிச்சல், வியர்வை, பசியின்மை தொடங்கும், முதல் வாரத்தில் உச்சத்துக்குப் போய் இரண்டு வாரமளவில் பெரும்பாலும் தணியும் என்றார். தூக்கக் குழப்பமும் கனவும் இன்னும் சில வாரம் இழுக்கலாம். கஞ்சாவின் சத்து உடம்புக் கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் இறங்குமாம். இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. புகையிலை கலந்து சுற்றுகிறவனுக்குச் சிகரெட்டும் பழைய ஆசையைக் கிளப்புமாம். அதையும் யோசி.

முதன்முதலில் தெரியவந்தபோது அம்மா வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தாள், நான் உன்னை அடித்தேன். நேர்த்தியால் ஒரு கெடுதலும் வரவில்லை. என் அடியால்தான் நீ ஒளிக்கப் பழகினாய்.

"புகைத்தால் கனவு வராது" என்று அன்று நீ சொன்னதை நான் சாட்டு என்று நினைத்தேன். வைத்தியர் அது உண்மை என்கிறார். புகை கனவை அமுக்கி வைத்திருக்குமாம். நிறுத்தியதும் அது மடை திறந்த மாதிரி வருமாம். 2009இல், கடைசி யுத்தத்தில், மாத்தளனில், உனக்கு 8 வயது. பதுங்குகுழிக்குள் என் சாரத்தின் நுனியைப் பிடித்தபடியே தூங்குவாய். அந்தக் குழி எனக்கும் வருகிறது, தம்பி. மண் சரியும், உன் கையைத் தேடுவேன், கிடைக்காது. எழும்பிப் படலையடியில் போய் நிற்பேன். அம்மா கேட்டால் யானைக்குக் காவல் என்பேன். இத்தனை வருடத்தில் உன்னிடம் இதைச் சொல்லாதது என் பிழை.

ஆகையால் இரவு இரண்டு மணியோ மூன்று மணியோ, கை அதைத் தேடினால் எனக்குத் தொலைபேசி எடு. பெரும்பாலும் விழித்துத்தான் இருப்பேன். பேச வேண்டும் என்றில்லை, பிடித்துக்கொண்டிருந்தாலே போதும். அப்பாவிடம் சொல்ல முடியாதது இருந்தால், தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆலோசனை தருவார்கள்.

ஊருக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பெரியப்பா சொல்கிறார். நான் நம்பவில்லை. கேரளக் கஞ்சா வந்து இறங்குவதே எங்கள் வடக்குக் கரையில்தான். கொழும்பில் உனக்குத் தேடிப் பிடிக்க வேண்டிய ஆட்கள் இங்கே சந்தியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். என்றாலும் சிறுபோக அறுவடைக்கு நீ வரவேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. வந்தால் கிளிநொச்சி வரை போகாதே. முறிகண்டியில் பஸ் எப்படியும் நிற்கும். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு அங்கேயே இறங்கிவிடு. மோட்டார் சைக்கிளோடு நிற்பேன். இரணைமடுப் பக்கத்தால் வீட்டுக்குப் போய்விடலாம்.

அங்கே விற்கும் கச்சான் கடலையை மட்டும் நீயே பார்த்து வாங்கு. போனமுறை நான் வாங்கியதில் பாதி கருகல் என்று அம்மா இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

அன்புடன்,
அப்பா