முக்கால் மணி நேரத்தில் முடிக்கச் சொன்னவளின் நன்றி மடல்

கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

நம் கால்நடை டாக்டர்கள் சங்கத்து மூத்தவர்களுக்கும், அண்ணன்மாருக்கும், சேச்சிமாருக்கும், தம்பி தங்கைகளுக்கும், என்னை நம்பி மாடு கட்டியிருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

மூன்று மாதத்துக்குப் பிறகு போன திங்கட்கிழமைதான் ஒரு தொழுவத்தில் குனிந்து நின்றேன். மடிவீக்கம், சாதாரண கேஸ். நாலு காம்பையும் பீய்ச்சிப் பார்த்து, ஊசி போட்டு நிமிர்ந்தபோது இடுப்பு வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொருத்தர் வீட்டுப் படியும் ஏறி நன்றி சொல்வதென்றால் வேலந்தாவளத்தில் தொடங்கி கோபாலபுரம் வரை ஒரு வாரம் வண்டி ஓட்ட வேண்டும். அந்தத் தெம்பு இன்னும் வரவில்லை.

நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு வாட்ஸாப்பில் போன கதைதான் தெரியும். அதில் என்னை மாடு முட்டித் தூக்கி எறிந்துவிட்டதாம். எந்த மாடும் முட்டவில்லை.

மார்ச் மாதக் கடைசி. ராத்திரி பத்து மணிக்கு போன். பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கி வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஜெர்சி கலப்பு. ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது, அதாவது குறைமாதத்திலேயே கலைந்துவிட்டது, ஒரு பகல் முழுக்கக் கழிந்தும் நஞ்சுக்கொடி விழவில்லை. நஞ்சைக் கையால் இழுத்து எடுக்காதே, காய்ச்சல் இல்லையென்றால் காத்திரு, தானே கழன்று விழும் என்பதுதான் இன்றைய பாடம். எனக்கும் தெரியும். ஆனால் வாலுக்குக் கீழே நஞ்சு தொங்கிக்கொண்டிருக்க, ‘பார்த்துக்கலாம், வரேனுங்க’ என்று கிளம்புகிற டாக்டரை அந்தத் தெருவில் யாரும் மறுபடி கூப்பிடமாட்டார்கள். வண்டியில் இருந்த நீளக் கையுறைப் பெட்டியைத் திறந்தால் காலி. சாயங்காலம் சினை பார்க்கப் போன இடத்தில் கடைசி உறையும் தீர்ந்திருந்தது. ஆள்காட்டி விரலில் தென்னை மட்டை கீறிய காயம் வேறு, இரண்டு நாள் பழசு. வளையலைக் கழற்றி வைத்து, சோப்புப் போட்டு, வெறுங்கையை விட்டேன். கருப்பைச் சுவரில் பொத்தான் பொத்தானாக ஒட்டிக்கிடந்ததைப் பிரித்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது.

முக்கால் மணி நேரம் என்றதும் செயற்குழுவில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஜனவரிக் கூட்டத்துக்கு மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியிலிருந்து வந்தவர், மாட்டிடமிருந்து நமக்கும் தொற்றுகிற கன்று வீச்சு நோயைப் (புருசெல்லோசிஸ்) பற்றித்தான் பேசினார். நோட்டீஸில் இரண்டு மணி நேரம் என்று போட்டிருந்தோம். அன்றைக்குச் சாப்பாட்டுப் பொறுப்பு என்னுடையது. சொசைட்டி மாடிக்குப் பருப்பு வடை வந்து இறங்கிவிட்டது, ஆறினால் வாயில் வைக்க முடியாது. ‘சார், முக்கால் மணி நேரத்தில் முடிக்க முடியுமா?’ என்று துண்டுச் சீட்டு அனுப்பினவள் நான். பாவம், நல்ல மனிதர். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு ரத்தநீர், ஒரு சொட்டு ரோஸ் பெங்கால் திரவம். குச்சியால் கலக்கி, தட்டை நாலு நிமிடம் மெல்ல ஆட்டி, நோய் இருந்தால் இளஞ்சிவப்புக்குள் ரவை ரவையாகத் திரிந்து வருவதை எல்லாருக்கும் காட்டினார். அடுத்தது, டாக்டர் தன்னை எப்படிக் காத்துக்கொள்வது என்கிற பகுதி. அதற்கு முன்னால் என் சீட்டு அவர் கைக்குப் போய்விட்டது.

ஏப்ரல் மூன்றாம் வாரம் காய்ச்சல் தொடங்கியது. காலையில் ஆள் நன்றாகத்தான் இருப்பேன். சாயங்காலம் பால் வண்டி போகிற நேரத்துக்கு உடம்பு சுட ஆரம்பிக்கும். நடுராத்திரி வேர்த்து ஊற்றித் தலையணை உறை நனைந்துவிடும். முதலில் போன இடத்தில் டைபாய்டு என்று பத்து நாள் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டாவது இடத்தில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்துவிட்டு, ரொம்ப அலையாதீர்கள் என்றார்கள். எந்த இடம் என்று இங்கே எழுதப் போவதில்லை. என் மனக்குறை ஒன்றுதான். இரண்டு இடத்திலும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சரி, நானாவது சொன்னேனா? அதுவும் இல்லை. எங்கே வாங்கிய மாடு, எத்தனாவது ஈத்து, தீவனம் மாற்றினீர்களா என்று ஊரையே குடைகிறவளுக்குத் தன் கதையைத் தானே கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

கேட்டவர் சித்தூர் மூத்தவர். மே மாத இரண்டாம் ஞாயிறு கூட்டத்துக்கு நான் வராததைக் கவனித்து, அன்று சாயங்காலமே கூப்பிட்டார்.

“காய்ச்சல் பொழுது சாஞ்சுதான் வருதா?”

“ஆமாங்க சார்.”

“இடுப்பு?”

“பிடிச்சுக்குதுங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “கன்னு வீசின மாட்டுல கை வெச்சியாம்மா?” என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பயத்தினாலா, ஒருவழியாகப் பெயர் தெரிந்துவிட்ட நிம்மதியினாலா என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. சர்வீஸில் இருந்தபோது அவருக்கும் இது வந்திருக்கிறது. மழை பிடித்தால் முழங்கால் இன்றைக்கும் மடங்காது. மறுநாள் விடியுமுன் தன் காரிலேயே என்னையும் வீட்டுக்காரரையும் திருச்சூருக்குக் கூட்டிப்போனார். போகிற வழியெல்லாம் பாடம். 1887இல் மால்டா தீவில் காய்ச்சல் கண்டு இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் டேவிட் புரூஸ் இந்தக் கிருமியைப் பார்த்தது, அதனால் புருசெல்லா என்று பெயர் வந்தது, ஆட்டுப்பால்தான் வழி என்று 1905இல் ஜம்மித் கண்டது. குதிரான் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது மால்டாவில் ஆட்டுப்பாலை நிறுத்தியிருந்தார்கள். நான் பின் சீட்டில் நடுங்கிக்கொண்டு கேட்டேன். ஜனவரியில் நான் வெட்டிய ஒன்றேகால் மணி நேரத்தை அவர் அங்கே ஈடுகட்டினார் என்றே நினைக்கிறேன்.

திருச்சூரில் பார்த்த டாக்டர் நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, “என்ன ஜோலி?” அவருக்கும் என் நன்றி. ரத்தப் பரிசோதனை வந்ததும் டாக்ஸிசைக்ளின் இரண்டு வேளை, காலையில் வெறும் வயிற்றில் ரிஃபாம்பிசின், ஆறு வாரம், ஒரு நாளும் விடக்கூடாது என்றார். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீரும் அப்படியே. படித்துத் தெரிந்ததுதான். ஆனாலும் முதல் நாள் காலையில் பார்த்தபோது கத்திவிட்டேன். வீட்டுக்காரர் கதவைத் தட்ட, மாமியார் சாமி அறையில் விளக்கேற்ற, ஒரே களேபரம்.

இந்தத் தொழிலில் சொந்தமாகப் பிராக்டிஸ் செய்கிறவர் ஒரு மாதம் படுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பசு பருவத்துக்கு வந்து நிற்கும்போது டாக்டரின் உடம்பு தேறட்டும் என்று யாரும் காத்திருக்க முடியாது. அடுத்த நம்பருக்குப் போன் போடுவார்கள். பிறகு அந்த நம்பரே பழகிவிடும். அப்படி ஆகாமல் பார்த்துக்கொண்டவர்கள் நீங்கள் நாலு பேர். வேலந்தாவளத்து அண்ணன் காலைச் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) முழுவதையும் எடுத்துக்கொண்டார். வண்ணாமடைத் தம்பி ராத்திரிக் கேஸ். கோபாலபுரத்து அண்ணன் பொள்ளாச்சியிலிருந்து மருந்து வாங்கி வந்து தருவதைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். மீனாட்சிபுரம் சேச்சி என் சினை நோட்டை வாங்கிப் போய், எந்த மாட்டுக்கு என்றைக்கு ஊசி, எந்தக் காளை, எதற்குச் சினை பார்க்கும் நாள் வந்துவிட்டது என்று பார்த்து ஒன்று விடாமல் நடத்தினார். என் கையெழுத்தைத் திட்டிக்கொண்டேதான். புது நோட்டில் அழகாகத் திருப்பி எழுதியும் தந்திருக்கிறார், மலையாளத்தில். இனி நான் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வேண்டும்.

போன இடத்திலெல்லாம் “டாக்டரம்மா அனுப்பிச்சாங்க” என்றே சொன்னீர்களாம். வெள்ளிக்கிழமைதோறும் காசோடு ஒரு கவர் வீட்டுக்கு வந்தது. மூன்றாவது வாரம் நான் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியபோது, சேச்சி அதை மாமியார் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மாமியாரிடம் போன கவர் திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும்.

ஒரு ராத்திரியை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும். ஜூன் பாதி, நல்ல மழை. பதினொரு மணிக்கு வண்ணாமடைத் தம்பி வீடியோ காலில் வந்தான். திரையில் பாதி மாடு, பாதி டார்ச் வெளிச்சம். “அக்கா, ஆறு மணி நேரமா முக்குது, பனிக்குடம் வரலை. உள்ளே வழி சுருண்டு கிடக்குது.” கருப்பை முறுக்கு. மடிப்பு எந்தப் பக்கமாகச் சுழன்று போகிறது என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கையால் தேடினான். “வலது.” போன வருஷம் சங்க வகுப்பில் மூத்தவர் ஈரத்துண்டை முறுக்கிக் காட்டினாரே, நினைவிருக்கிறதா? துண்டை நிறுத்தி வைத்து ஆளைச் சுற்ற வேண்டும் என்பார். அதேதான். மாட்டை வலப்பக்கம் சாய்த்துப் படுக்க வைத்து, மேல்பக்க வயிற்றில் பலகையைச் சாய்த்து, தோட்டத்து ஆள் ஒருத்தர் அதன்மேல் ஏறி நிற்க, காலைக் கட்டி வலப்பக்கமாகவே மெள்ளப் புரட்டினார்கள். பலகை கருப்பையைப் பிடித்து நிறுத்தும், உடம்பு சுற்றி வந்து அதை எட்டிப் பிடிக்கும். முதல் தடவை பிரியவில்லை. இரண்டாவது தடவை புரட்டி, கையை விட்டவன், “அக்கா, வந்துருச்சு, தண்ணி கொட்டுது” என்றான். போன் கீழே விழுந்து, அதற்கப்புறம் எனக்குத் தெரிந்ததெல்லாம் கூரையில் ஒரு பல்லி. சத்தத்தை வைத்துத்தான் கன்று உயிரோடு வந்தது என்று தெரிந்துகொண்டேன். தம்பி, அன்றைக்கு நான் உனக்குச் சொல்லித்தந்தேன் என்று ஊரெல்லாம் சொல்கிறாயாம். அந்தப் படுக்கையில் எனக்கு இன்னும் டாக்டர் வேலை இருக்கிறது என்று காட்டினவன் நீ.

அந்த ஜெர்சிக்காரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது இருக்கிறது. பெயர் எழுதவில்லை, பால் ஊற்றுகிற இடத்தில் அவருக்குச் சங்கடம் வரக்கூடாது. செவ்வாய்க்கிழமை பொள்ளாச்சிச் சந்தையில் நின்ற மாடு வியாழக்கிழமை வாணியங்குளம் சந்தையில் நிற்கும் நாடு இது. அவரும் ஓட்டிவிட்டு வந்திருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஓட்டவில்லை. இருந்த ஆறு மாட்டுக்கும் ரத்தம் எடுக்க விட்டார், சந்தேகப்பட்டதைத் தனிக் கொட்டகையில் கட்டினார், வீசின கன்று கிடந்த இடத்தில் சுண்ணாம்பு போட்டார். கறந்த சூட்டோடு பால் குடிக்கிற பழக்கத்தை வீட்டில் நிறுத்திவிட்டாராம். எங்கள் வீட்டிலும் நிறுத்தியாயிற்று, வீட்டுக்காரருக்குத்தான் முகம் சுருங்குகிறது. இந்த இரண்டு மாதத்தில் அந்தத் தெருவிலிருந்து நாலு முதல் எட்டு மாதத்துக்குள் இருந்த கிடேரிக் கன்றுகளையெல்லாம் கன்று வீச்சுத் தடுப்பூசிக்குக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். 2019இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் கோமாரியோடு இந்த ஊசியும் வந்தது. வாழ்நாளுக்கு ஒரே தடவை. அதற்கே முன்பெல்லாம் நாங்கள் கெஞ்ச வேண்டியிருந்தது.

புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு பழங்கதை. ஒவ்வொரு ஓணத்துக்கும் சங்கத்தில் இலை போட்டதும் யாராவது ஒருத்தர் இதை எடுப்பார், இந்த வருஷம் நானே முந்திக்கொள்கிறேன். நாமக்கல்லில் படித்துவிட்டு, கல்யாணம் கட்டி இந்தப் பக்கம் வந்த புதிது. மலையாளம் அரைகுறை. ஒரு சேட்டன் போனில், “டாக்டரே, மறுபிள்ள போயில்லா” என்றார். கன்று ஒன்று பிறந்துவிட்டது, இன்னொன்று உள்ளே இருக்கிறது என்று புரிந்துகொண்டு பறந்தேன். போய்க் கையை விட்டு, பத்து நிமிடம், இல்லாத இரட்டைக் கன்றைத் தேடினேன். சேட்டன் பயந்துபோய் நிற்கிறார். மறுபிள்ளை என்றால் அவர்களுக்கு நஞ்சு. இதைச் சிரிக்காமல் விளக்கிச் சொல்லி, மறுநாளே இந்தச் சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டவர் அதே சித்தூர் மூத்தவர். அன்றைக்குச் சந்தாகூட அவர்தான் கட்டினார். சார், அதை இன்னும் நான் திருப்பித் தரவில்லை என்று இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு வகுப்பை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கையுறைப் பெட்டி ஆளுக்கொன்று நான் கொண்டுவருகிறேன். கன்று ஊசி மருந்தில் இருப்பது உயிருள்ள கிருமி, போடும்போது நம் கையில் குத்திக்கொண்டால் என்ன செய்வது என்பதிலிருந்து ஆரம்பிப்பேன். ரோஸ் பெங்கால் தட்டும் உண்டு. சாப்பாட்டுப் பொறுப்பு இந்த முறை வேலந்தாவளத்து அண்ணன். அண்ணா, சீட்டு கீட்டு அனுப்பாதீங்க. இரண்டு மணி நேரமும் பேசுவேன். வடை ஆறினால் ஆறட்டும்.

உங்கள் டாக்டரம்மா