பழைய வீட்டுக் குழாயில் கை வைக்கும் பிளம்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிளம்பர் அண்ணன்மார்களே, தம்பிகளே,

வணக்கம். தாத்தா கட்டிய வீட்டில் குடியிருக்கிறவன் எழுதுகிறேன். கேட்பது ஒன்றுதான்: சுவரை உடைக்கும் முன், உள்ளே ஓடுவது என்ன குழாய், எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெளியே திடமாகத்தான் தெரியும். உள்ளே துத்தநாகப் பூச்சு கரைந்து, துரு அடுக்கடுக்காகப் படிந்து, தண்ணீர் போகும் துளையே சுருங்கிப் போயிருக்கும். காலையில் முதலில் வரும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருவதும், குளியலறைக் குழாயைத் திறந்தால் சமையலறையில் தண்ணீர் மெலிவதும் அதனால்தான். இதில் ஒழுகும் துண்டை மட்டும் வெட்டி மாற்றினால், பக்கத்து மரை ரெஞ்சின் முறுக்கைத் தாங்காமல் விட்டுக்கொடுத்து, கொஞ்ச நாளில் அங்கே ஒழுக ஆரம்பிக்கும். இப்படியே எங்கள் சுவரை மூன்று தடவை உடைத்தாயிற்று. மூன்றாவது தடவை வந்தவர் செம்புக் குழாயை நேராக இரும்போடு கோத்துவிட்டார். இரண்டும் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்புதான் முதலில் அரிக்கும், நடுவில் மின்சாரம் கடத்தாத யூனியன் என்ற இணைப்பைப் போட்டிருக்க வேண்டும்.

முழு லைனையும் மாற்றுவதுதான் சரி என்றால் அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். புது லைனைச் சுவருக்கு வெளியே ஓட்டலாம், அழகு கொஞ்சம் குறையும், ஆனால் கசிந்தால் உடனே கண்ணில் படும்.

சில வீடுகளில் ஈயக் குழாயும் இருக்கும். பிளம்பர் என்ற பெயரே ஈயத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஈயக் குழாயில் காந்தம் ஒட்டாது, நாணயத்தால் சுரண்டினால் வெள்ளி மாதிரி பளபளக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது, குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வீட்டுக்காரர் செலவுக்குத் தயங்கினாலும் இதை மட்டும் எடுத்துச் சொல்லி மாற்ற வையுங்கள்.

அப்புறம், இரும்பை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் போடும் முன் எலக்ட்ரீஷியன் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். பழைய வீடுகளில் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பது உண்டு. குழாயோடு எர்த்தும் போய்விடும், ஹீட்டரில் கரண்ட் கசியும் நாள் வரை அது யாருக்கும் தெரியாது. எனக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை, அதை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

வேலை முடிந்ததும் பூசி மூடும் முன் போனில் நாலு படம் எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்து வருகிறவர் எங்கே உடைப்பது என்று தேட வேண்டியிருக்காது.