அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடு

அன்புள்ள முரளி,

கடிதம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்து நிம்மதி. பாஸ்கர் மறுபடியும் வேலையை விட்டுவிட்டானாமே, அவனை நீயே கவனித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம்.

நான்கடி மீன் தொட்டி வாங்கிவிட்டாய் என்ற வரி வரைக்கும் எனக்குக் கொள்ளை சந்தோஷம். அதற்குக் கீழே இருந்த மீன் பட்டியலைப் பார்த்ததும்தான் பேனாவை எடுத்தேன். ஆஸ்கர் இரண்டு, ஏஞ்சல் நான்கு, ராமிரேசி ஒரு ஜோடி, மஞ்சள் லேப் ஆறு! டேய், கண்ணில் பட்டதையெல்லாம் கூடையில் போடும் வழக்கம் உனக்குக் கல்லூரியோடு போய்விட்டது என்றல்லவா நினைத்தேன்.

பட்டியலில் ஆஸ்கரை முதலில் அடித்துவிடு. கடையில் இரண்டு அங்குலம் இருப்பது ஒரு வருடத்தில் ஓர் அடியை நெருங்கும். உன் தொட்டியின் அகலம் 45 செ.மீ. அதில் இரண்டு ஆஸ்கர் திரும்பிக்கொள்ளவே இடம் போதாது. ராமிரேசி சின்ன மீன், ஆஸ்கரின் வாய்க்குள் போய்விடும். ராமிரேசிக்கு உப்புகள் குறைந்த மென்னீரும் 28 டிகிரிக்கு மேல் சூடும் வேண்டும். லேப் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன். அதற்கு உப்புகள் மிகுந்த கடின நீர், 25 டிகிரி போதும். இருவரையும் ஒரே நீரில் விட்டால் ஒருவராவது வதங்கத்தான் செய்வார்.

மீனைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் நீரைப் பார்க்க வேண்டும். உன் குழாய்த் தண்ணீரில் பி.எச். (அமில, கார அளவு) 8.2, கடினத்தன்மை (கரைந்த உப்புகளின் அளவு, சூடு அல்ல) 14 டிகிரி என்று எழுதியிருக்கிறாய். கடிதத்திலேயே உருப்படியான தகவல் அதுதான். அமில மருந்து ஊற்றி பி.எச்.சைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டவே வேண்டாம். தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பனேட் அந்த அமிலத்தை விழுங்கிவிடும். இரண்டொரு நாளில் பி.எச். பழையபடி ஏறி நிற்கும். நீ மறுபடி ஊற்றுவாய். இந்த ஏற்ற இறக்கம் மீனைப் படுத்தும் பாடு, நிலையான 8.2 ஒருபோதும் படுத்தாது. கைக்கு வரும் தண்ணீரிலேயே சுகமாக வாழும் மீனை வாங்கு. உன் தண்ணீருக்கு அது மலாவிக்காரர்கள்தான்.

மலாவியிலும் கண்டதை வாங்காதே. ஆராட்டஸ், கெனி இரண்டும் குஞ்சில் அழகாக இருக்கும்; வளர்ந்ததும் தொட்டி முழுக்கத் தங்களுக்கே என்று பட்டா போட்டு மற்றதைக் கொன்றுவிடும். பீகாக் என்ற சாதுவான வகையை, முபுனா எனப்படும் பாறையில் வாழும் முரட்டு வகையோடு சேர்த்தால் பீகாக் மூலையில் ஒடுங்கி நிறமிழந்து நிற்கும். உனக்கு நான் சொல்வது முபுனாவில் சவுலோசி. ஆண் நீலத்தில் கறுப்புப் பட்டை, பெண் மஞ்சள். ஒரே இனத்தில் இரண்டு நிறமும் கிடைத்துவிடும். எட்டு, ஒன்பது செ.மீ.க்கு மேல் பெரிதாகாது. துணைக்கு ரஸ்டி, ஊதா கலந்த பழுப்பு, முபுனாவில் இதைவிடச் சாது அரிது. சவுலோசி எடுத்தால் மஞ்சள் லேப் வேண்டாம். பெண்கள் எல்லாம் மஞ்சளாக இருந்து இனம் கலந்துவிட்டால் அந்தக் குஞ்சுகளை யாருக்கும் கொடுக்க முடியாது.

எண்ணிக்கையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சண்டைக்காரர்களாயிற்றே என்று நான்கே நான்கு விட்டால், பலசாலி ஒன்று மற்ற மூன்றையும் ஒவ்வொன்றாகத் துரத்தித் தீர்த்துவிடும். இருபது பேர் இருந்தால் அடி யார்மேலும் நிலைத்து விழாது. சவுலோசி குஞ்சு பதினைந்து வாங்கு. குஞ்சில் எல்லாமே மஞ்சள். ஆண்கள் நீலம் ஏற ஆரம்பித்ததும் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு மீதி ஆண்களைக் கொடுத்துவிடு. ரஸ்டி எட்டு. எல்லாவற்றையும் கூடுமானவரை ஒரே சமயத்தில் விடு. முதலில் வந்தது இடம் பிடித்துக்கொண்டால் பின்னால் வருவதற்கு வாழ்வில்லை.

இருபது மீன் என்றால் கழிவும் அப்படித்தான். அந்தக் கழிவிலிருந்துதான் அம்மோனியா வருகிறது. இங்கே விளையாட்டே கூடாது முரளி. 8.2 பி.எச்.சில் அம்மோனியாவின் நச்சுப் பங்கு 7இல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். மீன் இல்லாமலே அம்மோனியா விட்டு ஃபில்டரைப் பழக்கு, அதாவது அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவை அதில் வளரவிடு. நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா 24 மணி நேரத்தில் மறைந்து, அதிலிருந்து உண்டாகும் இன்னொரு நஞ்சான நைட்ரைட்டும் பூஜ்யம் என்று காட்டினால்தான் மீன். அதன் பிறகு வாராவாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்று, குளோரின் நீக்கி போட்டு.

பாறையைத் தொட்டியின் அடியிலேயே உறுதியாக அடுக்கி, பிறகு மணல் கொட்டு. மணலுக்கு மேல் பாறை வைத்தால் இந்த மீன்கள் அடியில் தோண்டிச் சாய்த்துக் கண்ணாடியை உடைத்துவிடும். குகைகள் கூரைவரை எழும்பட்டும். பெண்களுக்கு ஒளிய இடம் வேண்டும். ஒரு பெண் தாடை புடைத்து, இரை போட்டாலும் வராமல், எதையோ மென்றபடி ஒதுங்கி நின்றால் பயப்படாதே; வாயில் முட்டை இருக்கிறது. மூன்று வாரம் போல அப்படித்தான்.

இரை, ஸ்பைருலினா என்ற பாசி கலந்தது. இவை பாறைப் பாசி மேயும் இனம். மாட்டு இதயமும் ரத்தப் புழுவும் கொடுத்தால் வயிறு உப்பும். இரையை வாயில் வாங்கித் துப்பினாலோ, கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினாலோ அன்றே எனக்கு எழுது.

கடைக்குப் போகும் முன் உன் ஃபில்டர் மணிக்கு எத்தனை லிட்டர் என்று தெரிவி. ஆயிரத்து ஐந்நூறுக்குக் கீழே என்றால் இன்னொன்று சேர்த்தாக வேண்டும். பாஸ்கரை மட்டும் கூட அழைத்துப் போகாதே, அவன் ஆஸ்கர் வாங்க வைத்துவிடுவான்.

அன்புடன்,
ரகு