அம்மாவின் பணம் வந்துவிட்டது

மச்சான்,

பதில் போடவில்லை என்று திட்டாதே. இங்கே எல்லோரும் சுகம். மஸ்கெலியாவில் மழை விட்டபாடில்லை. மாமா இன்னும் அதே மாமாதான்.

விஷயம் என்னவென்றால், அம்மா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமலாப நிதிப் (EPF) பணம் வந்துவிட்டது. அன்றிலிருந்து வீட்டில் தினமும் மாநாடு. தம்பிக்கு ஓட்டோ வேண்டும். அக்கா குசினியை இழுத்துக் கட்டச் சொல்கிறாள். மாமா பவுன் கட்சி. "2022இல் விலைவாசி கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியபோது வங்கியில் போட்டவன் என்னத்தைக் கண்டான்?" என்கிறார். அது நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வருஷம் நம் தோட்டத்து லயத்தில் எந்த வீட்டுப் பவுன் வீட்டில் இருந்தது? எல்லாம் அடகில்.

என் மண்டையில் ஓடுவது வேறு. அம்மா சல்லிக்காசு சேர்த்ததில்லை என்றுதானே நினைத்திருந்தோம்? தீபாவளி அட்வான்ஸ் கழிவு, சங்கச் சந்தா, கடைக் கடன் எல்லாம் போக மிஞ்சியது அரிசிக்கே காணாது. ஆனால் அதே சம்பளத் துண்டில் நூற்றுக்கு 8 ரூபாய் சேமலாப நிதிக்கு அவள் பங்காகப் பிடித்தார்கள், தோட்டம் 12 போட்டது. கைக்கே வராத காசை யார் கேட்பது? அப்பாவாலும் அதைத் தொட முடியவில்லை. அவரைத்தான் உனக்குத் தெரியுமே.

அதனால் சம்பளம் விழுகிற அன்றே 4,000 ரூபாயை வேறு கணக்குக்கு மாற்றிவிடும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கடையில் சீட்டும் போட்டிருக்கிறேன். பத்துப் பேர், ஆளுக்கு 5,000, முறைவைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுப்பார். கடைசிச் சீட்டை நானே கேட்டு வாங்கினேன். முதல் சீட்டு எடுப்பவனுக்கு அது கடன் மாதிரி, கடைசி ஆளுக்குத்தான் சேமிப்பு. வட்டி இல்லையே என்று நீ நக்கலடிப்பாய். சரி, இல்லைதான். ஆனால் மெஷினில் கார்டைப் போட்டுக் காசை உருவ யாருக்கு வெட்கம்? சீட்டுக் காசு கட்டாமல் ஒன்பது பேர் முகத்தில் முழிக்க முடியாது, மச்சான்.

அம்மாவின் பணத்தை நிலையான வைப்பில் போட்டு, மாதாமாதம் வட்டி அவள் கைக்கு வரும்படி செய்யலாம் என்பது என் எண்ணம். "வங்கியை மூடிவிட்டால்?" என்று பயப்படுகிறாள். 11 இலட்சம் வரைக்கும் மத்திய வங்கியின் காப்புறுதி இருக்கிறது, அம்மாவின் பணம் அதற்குள்தான் என்று சொன்னேன். பாதி நம்பியிருக்கிறாள்.

பிரச்சினை தம்பிதான். அந்தப் பணம் ஓட்டோவுக்கு முற்பணமாகத்தான் காணும், மீதிக்கு லீசிங். ஹட்டன் ஸ்டாண்டில் இப்போதே ஹயருக்கு வரிசையில் நிற்கிறார்கள். தவணை தவறினால் ஓட்டோவும் போகும், பணமும் போகும். நான் சொன்னால் பொறாமை என்கிறான். நீ ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஒரு கோல் எடு. அவனுக்கு ஓட்டோ ஓட்டப் பழக்கிய பாவி நீதானே!

உன்
கூட்டாளி