கதிருக்கு, அந்த ஸ்ட்ராங் படம் பற்றி

அன்புள்ள கதிர்,

ஏலத்தில் எதைக் கேட்கலாம் என்று நீ அனுப்பிய இரண்டு படங்களின் போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதிதான் உன் மனதில் நிற்கும், அதனால் எழுதுகிறேன். ஓவியர் வில்லியம் ஸ்ட்ராங் செய்த அந்தக் கிழவரின் எட்சிங்கை, அதாவது செப்புத் தகட்டில் கீறித் தாளில் அச்சடித்த படத்தை, வாங்கு. ஜெனரல் படத்தை விட்டுவிடு.

ஜெனரல் படத்தில் பிரான்சிஸ் டாட் பெயரைப் பார்த்ததும் உனக்கு ஆசை வந்திருக்கும், நியாயம்தான். முதல் உலகப் போரில் தளபதிகளை நேரில் பார்த்து வரைய அரசாங்கமே அமர்த்திய ஓவியர் அவர். ஆனால் அந்த ஓவியங்கள் 1917, 1918-ல் தொகுதி தொகுதியாக வண்ணத்தில் அச்சாகி வெளிவந்தன. அதிலிருந்து பிரித்தெடுத்த தாளைப் பிரேம் போட்டு 'எட்சிங்' என்று யாரோ எழுதிவிட்டார்கள். போட்டோவில் படத்தைச் சுற்றி அழுந்திய தகட்டுத் தடமே இல்லை, கவனித்தாயா? செப்புத் தகட்டை ஈரத் தாளோடு சேர்த்து உருளைக்கு நடுவே நசுக்கினால் தாள் அந்த அளவுக்கு உள்ளே அமுங்கியே தீரும். விரலால் தடவினாலே தெரியும். அதற்காகத் தடம் இருந்தாலே அசல் என்று எடுத்துக்கொள்ளாதே, போட்டோவிலிருந்து தகடு செய்து அடித்தவற்றிலும் தடம் உண்டு. அதற்கு லூப், அதாவது கண்ணருகே வைத்துப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி, வேண்டும்: கோடு கோடாகவே இருந்து மை தாளின் மேல் லேசாக எழும்பி நின்றால் நல்லது, கோடே பொடிப் பொடியாக உடைந்து தெரிந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

டாட் வேண்டுமென்றால் அவருடைய டிரைபாயிண்ட்டுக்குக் காத்திரு, அதுவும் தகட்டில் கீறி அச்சடிப்பதுதான், முறை மட்டும் வேறு. எட்சிங்கில் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூசி, அதில் ஊசியால் கீறி, அமிலத்தில் இறக்குவார்கள். கீறிய இடத்தை அமிலம் அரிக்கும். டிரைபாயிண்ட்டில் அமிலம் கிடையாது, ஊசி நேராகச் செம்பையே கிழிக்கும், கிழித்த ஓரத்தில் பிசிறு எழும்பி நிற்கும், அந்தப் பிசிறு மையைப் பிடித்துக்கொள்வதால்தான் கறுப்பு வெல்வெட் மாதிரி கசிந்து விழுகிறது. ஒவ்வொரு முறை அச்சில் போகும்போதும் பிசிறு நசுங்கிக்கொண்டே போகும், தகட்டுக்கு எஃகு முலாம் பூசாவிட்டால் நல்ல பிரதிகள் சில டஜன் தேறினால் பெரிது. அதனால்தான் நான் பெயரைவிடப் பிரதியைப் பார் என்று எப்போதும் சொல்வது. அதே தகட்டின் முதல் பிரதியில் தலைமுடி அடர்ந்து இருட்டாக இருக்கும், தேய்ந்த பிரதியில் வெறும் கம்பி கம்பியாக நிற்கும். இரண்டிலும் அதே ஓவியர், அதே மனிதர், ஆனால் முகம் வேறு.

முகம் என்றதும் ஓவியர் அகஸ்டஸ் ஜான்தான் ஞாபகத்துக்கு வருகிறார். 1907-ல் கவிஞர் யேட்ஸை வரைய அயர்லாந்தில் கூல் பார்க்குக்குப் போனார். யேட்ஸின் நூல் தொகுப்பில் போடத்தான் அந்தப் படம். யேட்ஸ் அப்போது நாற்பதைத் தாண்டியவர், ஊர் மதிக்கும் கவி. ஜானின் ஊசியிலோ கலைந்த முடியோடு, கண்ணுக்குக் கீழே நிழல் தட்டிய ஒரு நாடோடி வந்து உட்கார்ந்தார். என்னைக் குடிகாரத் தகரக்காரன் மாதிரி ஆக்கிவிட்டார் என்று யேட்ஸே நண்பருக்கு எழுதினார், ஆனால் அந்த முகத்தில் ஞானம் இருக்கிறது என்றும் ஒத்துக்கொண்டார். 1908-ல் தொகுப்பு வந்தபோது அதில் ஜானின் படம் இல்லை, ஓவியர் சார்ஜென்ட் வரைந்த மிடுக்கான யேட்ஸ் இருந்தார். எனக்கு இன்றும் ஜானின் யேட்ஸ்தான் உண்மையானவர். எதிரே உட்கார்ந்தவருக்குப் பிடிக்கிறதா என்று பார்க்காமல் கண்ணில் பட்டதைச் செம்பில் கீற ஒரு தைரியம் வேண்டும், அந்தக் காலத்து நல்ல எட்சிங்குகளில் நான் தேடுவது அதைத்தான்.

உன் ஸ்ட்ராங்கிலும் அது இருக்கிறது. ஸ்லேடு கலைப்பள்ளியில் ஓவியர் லெக்ரோவிடம் படித்தவர், 700-க்கும் மேற்பட்ட தகடுகள் செய்தவர், ஹார்டி, கிப்ளிங், ஸ்டீவன்சன் என்று பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் அவர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். இந்தக் கிழவர் யாரென்று ஏலக்காரருக்கே தெரியவில்லை, அதனால்தான் விலை குறைவு. சட்டையை நாலு கோட்டில் விட்டுவிட்டு, இமைக்குக் கீழே தொங்கும் தோலில் மட்டும் எவ்வளவு நேரம் நின்றிருக்கிறார் பார். ஹார்டியாக இருந்தால் நீ பெயரைப் பார்ப்பாய், இதில் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும்.

ஏலம் கேட்பதற்கு முன் சிலவற்றைக் கேட்டு வாங்கு. தாளின் பின்பக்கப் போட்டோ கட்டாயம் வேண்டும். அட்டையில் ஒட்டியிருக்கிறதா, செலோடேப் கறை உண்டா, ஓரத்தை வெட்டியிருக்கிறார்களா? இரண்டு பழுப்புப் புள்ளி இருந்தால் பரவாயில்லை, பழைய தாளைச் சீராக்கும் கன்சர்வேட்டர் பார்த்துக்கொள்வார், ஆனால் தகட்டுத் தடம் வரைக்கும் வெட்டிய தாளை யாராலும் திருப்பித் தர முடியாது. கீழே பென்சிலில் ஸ்ட்ராங்கின் கையெழுத்தோடு இன்னொரு பெயரும் இருந்தால் அது அவர் மகன் டேவிட்டாக இருக்கலாம், அவர்தான் அச்சடித்துக் கொடுத்தவர், அருமையான கை. ஸ்ட்ராங் 1921-ல் இறந்துவிட்டார், அதற்குப் பிறகு அடித்த பிரதியில் அவர் கையெழுத்து இருக்க முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்.

விலை ஏறும் என்று நினைத்து வாங்காதே. 1920களில் இந்த எட்சிங்குகளைப் பங்குப் பத்திரம் மாதிரி வாங்கி விற்றார்கள், 1929-க்குப் பிறகு சந்தை படுத்தது, பெரும்பாலானவை பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. ஓவியர் பிராக்ஹர்ஸ்ட்டின் 'அடோலசன்ஸ்' என்ற எட்சிங் போன்ற சில மட்டும் இன்றும் பல ஆயிரம் பவுண்டுக்குப் போகின்றன. மற்றபடி உன் சம்பளத்தில் ஒரு நல்ல ஸ்ட்ராங் வாங்க முடிவதற்கே அந்த வீழ்ச்சிதான் காரணம்.

அப்புறம், அபர்டீனில் இருந்துகொண்டு ஜேம்ஸ் மெக்பேயின் எட்சிங்குகளைப் பார்க்காமல் இருப்பது நன்றாக இல்லை. உன் ஊருக்கு வடக்கே நியூபர்க்தான் அவர் பிறந்த இடம். பேங்கில் குமாஸ்தாவாக இருந்துகொண்டே தானாகக் கற்றுக்கொண்டவர், துணி பிழியும் உருளையில்தான் முதலில் அச்சடித்துப் பார்த்தார். 1910-ல் பேங்க் வேலையை உதறினார். ஆர்ட் கேலரியில் அவருடைய படங்கள் நிறைய உண்டு. முன்கூட்டி எழுதிக் கேட்டால் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டுவார்களா என்று விசாரி. கண்ணாடி இல்லாமல் கையருகே வைத்து ஒரு நல்ல பிரதியைப் பார்த்துவிட்டாயானால், போட்டோவில் தேய்ந்ததை நீயே கண்டுபிடித்துவிடுவாய். ஏலத்துக்கு முன் போய்விட்டு வா.

உச்ச விலையை முதலிலேயே எழுதி வைத்துக்கொள், ஏலக் கமிஷனையும் சேர்த்து. அதைத் தாண்டினால் விட்டுவிடு, ஸ்ட்ராங் மறுபடி வருவார். கிடைத்துவிட்டால் படத்தைப் பொருத்தியிருக்கும் பழைய அட்டையைக் கழற்றி அமிலமில்லாத அட்டையில் போடச் சொல், உன் ஹாலில் ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம், வெயில் படும். பின்பக்கப் போட்டோ வந்ததும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அம்மா